கத்தினால் நின்றுவிடும் பெட்டி

என் தொண்டையில் இருந்த தடிப்பை அகற்றிய டாக்டர், இனி வகுப்பில் குரலை உயர்த்தவே கூடாது என்றார். நான் மம்சாபுரத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். குரலை உயர்த்தாத ஐந்தாம் வகுப்பு டீச்சரை அவர் எங்கே பார்த்தாரோ! கடையில் வாங்கிய, இடுப்பில் கட்டும் மைக் பெட்டி தினமும் சார்ஜ் தீர்ந்து மதியத்தோடு உயிரை விட்டது. ஒரு மாதம் பார்ப்போம், முடியாவிட்டால் ஆபீஸ் வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார் தலைமையாசிரியை. ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

ராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணன் மனைவிக்கு இன்வெர்ட்டர் கடையில் பழுதுபார்க்கும் வேலை. "நாமளே செஞ்சிருவோம்ட்டி" என்றார் மதினி.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெட்டிக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா. எத்தனை முறை கழுவியும் புளிச்சோற்று வாடை போகவில்லை. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து நல்ல செல்களாகப் பொறுக்கினார். டப்பாவின் அளவுக்கு வெட்டிய செம்பு போர்டில், கரண்ட் போகவேண்டிய பாதைகளை என்னுடைய நெயில் பாலிஷால் வரைந்தார். கரைசலில் போட்டதும் மற்ற செம்பெல்லாம் கரைந்து, வரைந்த இடம் மட்டும் மிஞ்சியது. கோலம் போட்டால் கோணலாய்ப் போடுகிற மதினிக்கு அந்தக் கோடுகள் மட்டும் அப்படி நேராக வந்தன.

முதல் நாளே பெட்டி நாலு தடவை நின்றது. மறுநாள் மதினி கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் வகுப்பில் உட்கார்ந்தார். செத்த நேரத்திலேயே சிரித்துவிட்டார்.

"மைக்கை மாட்டிக்கிட்டும் கத்துதியே! நான் ரேடியோவ வச்சுல்ல நாள் பூரா சோதிச்சேன். ரேடியோ என்னைக்காவது 'ஏலே'ன்னு கத்துமா?"

நான் கத்தும்போது பெட்டி கரண்டை ஒரேயடியாக இழுக்கிறதாம். பேட்டரி சூடாகாமல் காக்கும் பகுதி உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ராஜபாளையம் போனபோது, கோடுகளைத் தடிமனாக்கி வேறு போர்டு வரைந்து கொடுத்தார். அப்போதும் கத்தினால் நின்றது.

"இனி பேசினா சாயங்காலம் வரைக்கும் ஓடும். கத்துனா நிக்கும். அதையும் சரிபண்ண எனக்குத் தெரியும், பண்ண மாட்டேன். உன் தொண்டைக்கு வேற காவல் இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் புரிந்தது. என் குணத்தையும் கணக்கில் சேர்த்தல்லவா வரைந்திருக்கிறார்! அந்த மூளையை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாதக் கடைசியில் தலைமையாசிரியை கடைசிப் பீரியடில் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று பார்த்து ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டான். 'ஏலே' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கி, "பொறுக்கிக்கோ ராசா" என்றேன். மணி அடிக்கும் வரை பெட்டி ஓடியது.

"பின்னால வரைக்கும் தெளிவாக் கேக்குது. அடுத்த வருசமும் அஞ்சாம் வகுப்பே எடுங்க" என்றார் தலைமையாசிரியை. "பெட்டி யாரு செஞ்சது?"

"எங்க மதினி" என்றேன். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.