இரண்டாம் வகுப்பில் ஓர் அரைப்பேர்

திருப்பூரில் யாரைப் பார்க்கப் போனாலும் முதலில் "உக்காருங்க" என்கிறார்கள். இன்னும் தோட்டத்தில் இருக்கிற நம்மவர்களே, இதை நம்பமாட்டீர்கள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டால், ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசவேண்டும். கூப்பிடுவதே ஏச்சு வாங்கத்தான். அதனால் இங்கே பெற்றோர் கூட்டத்துக்கு வரும்படி பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, என் மகள் ராணி ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

ராணி தோட்டப் பள்ளியில் நான்காவது முடித்தவள். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, பனியன் கம்பெனியில் எனக்கு மடித்து அடுக்கும் வேலை கிடைத்த பிறகு அவளைப் பள்ளியில் சேர்த்தேன். பாடப்புத்தகம் வேறு என்று இரண்டாவதில் உட்கார வைத்துவிட்டார்கள். தன் இடுப்புயரப் பிள்ளைகளோடு உட்கார அவளுக்கு வெட்கம். "நானும் கம்பெனிக்கே வாறேன்" என்று ஒரே பிடிவாதம். எங்கள் காண்டிராக்டரும் திங்கட்கிழமை கூட்டிவரச் சொல்லிவிட்டார். கூட்டம் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

பெண்பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் அன்று பேச்சு. நான் வாசலருகிலேயே நின்றேன். "ஏனுங்கக்கா, பந்தியில பரிமாற வந்தவங்களாட்ட நிக்கறீங்க? வந்து உக்காருங்க" என்று ஓர் அம்மா கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். டெய்லர் ஒருவர் எழுந்து, "எட்டாவது படிச்சவனும் என்ற பக்கத்துல உக்காந்து பனியன்தானுங்க தெக்கறான். அப்பறம் எதுக்குங்க எட்டாவது?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "சிலோன் அம்மா, நீங்க சொல்லுங்க."

விசாரணைதான் என்று எழுந்து கைகட்டினேன். "பிள்ளை ஒழுங்கா வரும் ஐயா. பேரை மட்டும் வெட்டிப்போடாதீங்க."

"பேர யாருங்க வெட்டறாங்க? உங்க கொறை என்னன்னுதானுங்க கேக்கறோம்."

பயம் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. "அவளுக்கு அரைப்பேர் போட்டுட்டீங்க ஐயா" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து எடுத்தாலும், நிறுக்கும்போது எடை குறைந்தால் அரைநாள் கூலிதான் எழுதுவார்கள், அதற்குப் பெயர் அரைப்பேர் என்று சொன்னேன். "நாலாவது முடிச்ச பிள்ளைக்கு ரெண்டாவதுன்னா, அது அரைப்பேர்தானே ஐயா?"

முதலில் பேசியது அந்த டெய்லர்தான். "அக்கா சொல்றது செரிதானுங்க சார். முழுப்பேரே போட்டு உடுங்க."

தலைமையாசிரியர் அப்போதே ராணியைக் கூட்டிவரச் சொன்னார். வாசிக்க வைத்தார், கணக்குக் கொடுத்தார். இரண்டிலும் அவள் தடுமாறவில்லை. கடைசியாக, "நம்மூரு ஆறு எது, சொல்லு கண்ணு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நொய்யலுங்க சார்." பிறகு எங்கள் தோட்டத்துப் பக்கத்து ஆற்றையும் சேர்த்து, "மகாவலி கங்கைங்க சார்" என்றாள்.

"ஒண்ணு போதும் கண்ணு" என்று அவர் சிரித்தார். "நாளைக்கு அஞ்சாவதுல போயி உக்காரு."

மறுநாள் நான் மட்டும் கம்பெனிக்குப் போனேன். அவள் சொன்னதில் எந்த ஆற்றை அவர் எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிடச் சொன்னார் என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.