பழைய ஏர்பிரஷ் வாங்கப் போனது

தைப்பூசம் நெருங்கினால் காவடித் தட்டுகளில் மயில் படம் அடித்துக் கொடுப்பது என் வேலை. அந்த வருடம் பாதி மயிலில், காற்றழுத்தத்தில் சாயம் தெளிக்கும் என் ஏர்பிரஷ் கெட்டுப்போனது. புதிது வாங்கினால் கையைக் கடிக்கும். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஓர் அக்கா பழையது ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் கணவர் ஹெல்மெட்டில் படம் அடித்தவர். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு வணக்கம் வைத்ததோடு அவரை நான் மறந்துவிட்டேன்.

குறை சொல்லாமல் பழைய சாமான் வாங்கக் கூடாது என்பது எங்கள் பட்டறைப் பழக்கம். பெரிய நிபுணன் மாதிரி சன்னல் வெளிச்சத்தில் நின்று ஏர்பிரஷைப் பிரித்தேன். உள்ளே ஓடும் ஊசியை உருவி, முனையை நகத்தில் மெல்ல இழுத்தேன். கீறல் விழுந்தது. முனை வளைந்திருந்தது, சாயம் வெளியே வரும் மூக்கும் பிளந்திருந்தது. கழுவிய பிறகு ஊசியை முரட்டுத்தனமாகச் செருகினால்தான் இப்படி ஆகும்.

"அக்கா, தொழில் தெரியாதவன் எவனோ இதுல கை வச்சிருக்கான் லா. அந்தக் கையில பிரஷ்ஷைக் குடுத்ததே தப்பு," என்றேன் சத்தமாக.

அக்கா கூடத்து நாற்காலியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருதான் தம்பி. அழுக்கோட விக்கக்கூடாதுன்னு சைகை காட்டிட்டு, நேத்து இடது கையாலேயே கழட்டிக் கழுவுனாரு. நான் செய்றேன்னாலும் விடல."

திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று எப்படித்தான் நினைத்தேனோ. ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல்லியிருக்கலாம். குனிந்து ஏர்பிரஷை மறுபடி பூட்டினேன். அக்கா தானாகவே விலையைக் குறைத்தார். வெட்கம் கெட்டவன், அதற்கும் தலையாட்டி வாங்கி வந்தேன்.

வீட்டில் ஒவ்வொரு பாகமாகச் சாயம் கரைக்கும் தின்னரில் ஊறவைத்தேன். பழைய ஏர்பிரஷ் என்றால் தின்னர் கலங்கிக் கறுத்துவிடும். இது தெளிவாகவே கிடந்தது. கிண்ணத்தின் அடி, மரை, நானே சோம்பல்பட்டு விட்டுவிடும் காற்றுத் துளை, எதிலும் ஒரு துளி சாயம் இல்லை. இருபது வருடம் தொழில் செய்யும் நான் ஒருநாளும் இப்படிக் கழுவியதில்லை. ஊசியையும் மூக்கையும் மாற்றியதும் முடி கனத்தில் கோடு விழுந்தது. எனக்கு அழுகை வந்தது.

அன்றே அக்காவின் போனுக்குக் குரல் பதிந்து அனுப்பினேன். "அண்ணே, நான் பேசுனது தப்பு. இவ்ளோ சுத்தமா வச்சிருந்த பிரஷ்ஷ நான் பாத்ததே இல்ல. மன்னிச்சிருங்க."

இரண்டு நாள் கழித்து அக்காவின் பதில் வந்தது.

"போட்டுக் காட்டுனேன் தம்பி. பாதியிலேயே மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு. முன்னெல்லாம் இடது கையால கரண்டி புடிச்சு தானே சாப்பிடுவாரு. நீங்க வந்துட்டுப் போன அன்னையிலேருந்து அந்தக் கையத் தூக்கவே மாட்டேங்கிறாரு. நான்தான் ஊட்டிவிடுறேன்."