அக்காவின் கல்யாணக் கேக்கைப் புகையில் வைத்தது

ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் திதி அன்று இதை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். படையல் எடுத்து, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மனம் பின்வாங்கிவிடும். பத்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள், எனக்கு எழுத வராது என்று சாக்குச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயம்தான். இந்த வருஷம் அம்மன் படத்துக்கு விளக்கேற்றும்போது, இனியும் சாக்கு வேண்டாம் என்று பட்டது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா மரங்களில் பால் வெட்டப் போவார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. உறைந்த ரப்பர் பாலைச் சீட்டாக உருட்டி, புகை அறை மூங்கில்களில் தொங்கவிட்டுக் காயவைப்பது அவர் பொறுப்பு. வெள்ளையாக உள்ளே போகிற சீட்டு தேன் நிறத்தில் வெளியே வரும்.

அக்காவுக்கு வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அக்கா, "கேக் வெட்டுறது எங்க பழக்கம். தோட்டத்துல அதெல்லாம் எங்க செய்வீங்க, நாங்களே கொண்டு வந்துர்றோம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "வேணாங்க அண்ணி, கேக் நாங்க செய்றோம்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவரை யாரும் கேக் செய்ததில்லை. அந்த வீட்டுக்குள் தலைநிமிர்ந்து போவதும் குனிந்து போவதும் இனி அந்தக் கேக்கில்தான் இருக்கிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

பெரிதும் சிறிதுமாக இரண்டு பழக் கேக்குகளை பஜார் பேக்கரியில் சுட்டு வாங்கினோம். அலங்காரம் எங்கள் பொறுப்பு. அக்காவோடு கார்மெண்டில் வேலை செய்த சிங்களத் தோழி ஐசிங் செய்யும் விதத்தைக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும். கல்யாணத்துக்காக அம்மா விரதம் இருந்தார், முட்டை ஓடுகூட வாசற்படி தாண்டக்கூடாது. அதனால் அப்பா ஸ்டோர் ஐயாவிடம் கேட்டு, புகை அறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் பலகை போட்டுக் கொடுத்தார்.

ஐசிங் சீனியை வீணாக்க மனமில்லாமல் முதலில் கோதுமை மாக் கூழில் பழகினோம். ஐசிங் பிழியும் பையின் முனையில் குழலை மாட்டித் தட்டின் பின்பக்கத்தில் பிழிவோம், வழித்து மறுபடியும் பைக்குள் போடுவோம். அக்காவின் கையில் கோடு தையல் போல நேராக வந்தது. ரோஜாதான் வரவில்லை.

"இது ரோசாவா ஆயி? நான் முட்டக்கோவான்னு நெனச்சேன். கறிக்கு நல்லாருக்கும்" என்றார் அப்பா. அக்காவை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

"போங்கப்பா, ஒங்களுக்குச் சீட்டத் தவிர என்ன தெரியும்?"

சோடா மூடியை இடது கையில் சுழற்றிக்கொண்டே அதன் மேல் இதழ் இதழாகப் பிழிய வேண்டும். அழுத்தம் கூடினால் மொத்தையாகும், குறைந்தால் கிழியும். மூன்றாம் நாள் அது என் கைக்கு வந்துவிட்டது. "ரோசா முழுக்க ஒன் வேலடி" என்று அக்கா சொன்னபோது எனக்குக் கால் தரையில் படவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடாத மழை. ஆறு பெருகி ரோட்டில் ஏற, பஸ்ஸும் நின்றுவிட்டது. கேக் முழுவதும் வெள்ளை பூசி ரோஜாக்களை வைத்துவிட்டோம். "பாத்துக்க, ஈ உக்காரக் கூடாது" என்று என்னை வைத்துவிட்டு அக்கா மருதாணி போடப் போனாள். அந்த ஈரத்தில் ஐசிங் காயவில்லை. ஒரு ரோஜா மெல்ல வழுக்கியது. பிறகு இன்னொன்று.

எத்தனையோ ஈரச் சீட்டுகள் காய்கிற அறை பக்கத்திலேயே இருந்தது. இரண்டு நடையாகக் கேக்கை உள்ளே கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினேன். சீட்டு நிறம் மாறுவதைத் தினமும் பார்த்த எனக்கு, கேக்கும் மாறும் என்று தோன்றவே இல்லை.

விறகு தள்ள வந்த அப்பா கதவைத் திறந்தார். ரோஜாக்கள் கல்லாகக் காய்ந்திருந்தன, ஒரு இதழ் ஒடியவில்லை. ஆனால் எல்லாம் தேன் நிறம், புகை மணம். அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்:

"நான்தான் வச்சேன் ஆயி. காயட்டுமேன்னு."

"கேக்கையும் சீட்டுன்னு நெனச்சிட்டீங்களாப்பா?" மருதாணி காயாத கைகளோடு கண்ணைக்கூடத் துடைக்க முடியாமல் நின்றாள். திரும்பச் செய்ய ஐசிங் சீனி மிச்சமில்லை, வாங்கி வர பஸ்ஸும் இல்லை.

விடியும்போது தண்ணீர் வடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். கோயிலில் தாலி கட்டியானதும், பக்கத்து மண்டபத்தில் மாப்பிள்ளையின் அக்கா கேக் அருகே குனிந்தார்.

"இதென்ன, ரப்பர் ஸ்டோர் மணக்குது?"

அப்பா கைகூப்பி முன்னால் வந்தார். "என் புத்திதான்மா. காயலன்னு நான்தான் புகையில வச்சேன். புள்ளைங்க செஞ்சதுல ஒரு பிழையும் இல்ல. பூவப் பாருங்க."

மாப்பிள்ளை ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, "நல்லதுதானேக்கா, மழையில நனையாது" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அக்காவை விட்டுவிட்டு அப்பா மேல் போய் விழுந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். புறப்படும்போது அக்கா அவர் காலில் விழுந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மன் சந்நிதிக்குப் பக்கத்திலேயே அப்பா பொய் சொல்லிவிட்டாரே என்பதுதான் என் கவலை. அவரைத் தண்டித்துவிடாதே தாயே என்று கோயிலைப் பதினொரு முறை சுற்றினேன். நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு சுற்றில்கூடத் தோன்றவில்லை.

அடியிலிருந்து என்னைக் காப்பாற்றினார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அக்கா கோபக்காரி. அப்பா மேல் இருந்த கோபம் தலைப்பிள்ளை பிறந்ததோடு போயிற்று. தங்கை மேல் என்றால் அப்படிப் போயிருக்குமா தெரியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டு, கல்யாணமும் செய்து வைத்தவள் அக்காதான். எனக்கு அக்காவே கதியாகும் ஒரு நாள் வரும் என்று, புகை அறைக் கதவைப் பிடித்தபடி நின்ற அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

கேக்கைச் சீட்டாக்கிய மனுஷன் என்று எங்கள் சொந்தத்தில் இன்றும் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிக்கிறாள். இது அவள் கண்ணிலும் படும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இனி இதைச் சொல்கிறவர்கள், வைத்தது சின்ன மகள், பழியை ஏற்றது அப்பா என்று மட்டும் சொல்லுங்கள். அம்மன் அருளால் கேக் இனித்தது என்றெல்லாம் கூட்ட வேண்டாம். நான் சின்னப் பிள்ளை, பாவம் என்று குறைக்கவும் வேண்டாம்.