ஒரே லேப்டாப், ஷிஃப்டுக்கு ஒரு முகப்பு

ஒரகடத்து உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சிஸ்டம் பார்க்கிறவனுக்கு நல்ல பேர் கிடைக்க ஒரே வழி, யாரும் அவனைக் கூப்பிடாமல் இருப்பதுதான். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு அது கிடைக்கவில்லை. ‘இவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்’ என்று எங்கேயோ பேரெடுத்துத் தொலைத்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மறுபடியும் லினக்ஸ்

எங்கள் இரண்டாவது லைனில் பிராக்கெட்டுகளைச் செக் பண்ணி, லேபிள் அடித்து லாரியில் ஏற்றுவார்கள். அதற்கென்று ஒரு பழைய லேப்டாப். விண்டோஸின் புது வெர்ஷன் அதில் ஏறாது. புது லேப்டாப் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். விண்டோஸுக்குப் பதிலாக, காலேஜோடு விட்ட லினக்ஸைத் திரும்ப எடுத்துப் போட்டேன். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் நான் சொன்னதைக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தை மேனேஜரிடம் சொல்லப் போனேன், புத்தி கெட்டுப்போய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரி. ஆனா இந்த லேப்டாப்பால ஒரே ஒரு லோடு கஸ்டமர்கிட்டேர்ந்து திரும்பி வந்தாலும், அடுத்த நாள்லேர்ந்து நீங்க வர வேணாம்.”

ஆளுக்கொரு முகப்பு

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. உள்ளே இருப்பது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிகிற முகப்பை மட்டும் லாகின் பண்ணும்போது வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் தசரதனுக்கு, மணிமங்கலத்துக்காரர், ஸ்டார்ட் பட்டன் இடது மூலையில் இருந்தே ஆக வேண்டும். அவருக்கு கேடிஇ என்கிற முகப்பு. மதிய ஷிஃப்ட் முத்துச்செல்வி கோவில்பட்டிப் பெண். போன் மாதிரி பெரிய ஐகான்கள் கேட்டார். அவருக்கு க்னோம் என்கிற முகப்பு. என் ஆசைக்கு எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்றாவது ஒன்று.

மூன்றையும் ஒரே லாகினில் ஏற்றினேன் பாருங்கள், அதுதான் வினை. ஒவ்வொன்றும் தன் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து குடியேறியது. ஒன்றில் கலரை மாற்றினால் இன்னொன்றில் பாதி ஜன்னல் கறுத்தது. தசரதன் மெனுவைத் திறந்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார், மூணு கால்குலேட்டரு கீது, எதுல போட்டா சார் கணக்கு கரெக்டா வரும்?”

மஞ்சள் சீட்டு

ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிடும். அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்ல வேண்டியதைப் பேப்பரில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவிட்டு ஓடுவார்கள். பேப்பர் விழுந்துவிடுகிறதே என்று, ஸ்க்ரீனிலேயே மஞ்சள் சீட்டு ஒட்ட தசரதனுக்குக் கற்றுக்கொடுத்தேன். பெருமை வேறு.

ஒரு வியாழக்கிழமை இருபது பெட்டி பிராக்கெட்டுகளில் ஓட்டை இடம் தள்ளிப் போட்டிருந்தது. ‘ஏத்தாதீங்க’ என்று சீட்டு ஒட்டினார் தசரதன். அதான் எழுதியாச்சே என்று பெட்டிகளில், நிறுத்திவைக்கச் சொல்லும் சிவப்பு டேக் கட்டவில்லை. அவர் ஒட்டியது கேடிஇ முகப்பில். முத்துச்செல்வி வந்து திறந்தது க்னோம். அங்கே அந்தச் சீட்டு தெரியவே தெரியாது. லேபிள் அடித்து, கையெழுத்துப் போட்டு, இருபது பெட்டியையும் ஏற்றிவிட்டார்.

அந்தக் கலர் கோளாறைப் பார்க்க நான் கேடிஇயில் நுழைந்தபோது சீட்டு பல்லிளித்தது. தொப்பை குலுங்க கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டி லாரியின் பேப்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் லாரி இன்னும் உள்ளேதான் நின்றது. என் வேலை பிழைத்தது என்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னாலேயே ஓடிவந்த முத்துச்செல்வி என் முன்னால் வந்து நின்றார்.

“எழுதுனவரு பஸ் ஏறிட்டாரு, எழுதுனது தெரியாம பண்ணுனது நீங்க. கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு மெமோ மட்டும் எனக்காண்ணே?”

மேனேஜர் அறை

வெட்கமாக இருந்தது. என் வேலையைப் பற்றி மட்டுமே பயந்திருக்கிறேன். முதலில் போயிருக்கக்கூடியது அந்தப் பெண்ணின் வேலை. நானே போய், தப்பு முழுக்க என்னுடையது, அவர்மேல் கை வைக்காதீர்கள் என்றேன். மேனேஜர் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கும் மெமோ இல்ல. நாளைக்குக் காலைல தசரதன் என்ன பாக்குறாரோ, அதைத்தான் மத்தியானம் அந்தப் பொண்ணும் பாக்கணும்.”

இப்போது அந்த லேப்டாப்பில் ஒரே முகப்புதான், அதுவும் இரண்டு ஷிஃப்டுக்கும் சரிசமமாகப் பிடிக்கவில்லை.