நோட்டில் ஏறாத பிரியாணி

அம்மாவின் தம்பியை, என் மாமாவை, தங்கமான மனுஷன் என்று உழவர்கரையில் எங்கள் தெருவே சொல்லும். அதைக் கேட்டாலே எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாதக்கணக்கில் வயிற்றுவலி, பேதி. ஊரில் உள்ள வயிற்றுப்பூச்சி மருந்தையெல்லாம் குடித்து முடித்த பிறகுதான், குடலைப் புண்ணாக்கும் கிரோன் நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். புதிதாக இந்த நோய் கண்ட பிள்ளைகளுக்கு எந்த வைத்தியம் எவ்வளவு கேட்கிறது என்று அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதில் என்னைச் சேர்க்க அப்பா கையெழுத்துப் போட்டார். ஆறு வாரம் டின் பவுடரைக் கரைத்த சத்துப்பால் மட்டும். ஒரு பருக்கை சோறு கூடாது. வலி எவ்வளவு, எத்தனை தடவை வெளியே போனேன், வாயில் என்ன போட்டேன் என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

அந்த வெனிலா வாசனையை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. ஆனாலும் மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. எடை கூடியது. அம்மா சிரித்தாள்.

நான்காவது வாரம் எனக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. கோயிலில் சாமியார் நாக்கில் வைக்கிற மெல்லிய அப்பத்தை விழுங்கலாமா என்று அம்மா டாக்டரம்மாவிடம் போனில் கேட்டாள். "குடுங்க, ஆனா மறக்காம நோட்டுல எழுதிடுங்க" என்றார். எழுதினோம். ஒரு அப்பம், ரூபாய்க் காசளவு.

எழுதாதது பிரியாணி. புதுநன்மை விருந்தை ஊரே உட்கார்ந்து சாப்பிட, வெள்ளை கவுனும் பூக்கிரீடமுமாக நான் பால் டம்ளரோடு இருந்தேன். ஆத்திரத்தில் கிரீடத்தைப் பிய்த்து எறிந்தேன். மாமா என்னை மாடிக்குத் தூக்கிப் போனார். "ஒரு வாயில என்னா ஆயிடப் போவுது? யார்கிட்டயும் சொல்லாத கண்ணு" என்று பிரியாணியை ஊட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். ஒரு வாயோடு நின்றதா? மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டிவரும்போதெல்லாம் பஃப்ஸ், பரோட்டா, வைத்திக்குப்பம் கடற்கரையில் வறுத்த மீன். நோட்டில் நான் பால் என்றே எழுதினேன்.

வலி திரும்பி வந்தது. ரத்தப் பரிசோதனையும் மோசம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா அழுதாள். அப்போது அங்கே கத்தியது யார் தெரியுமா? மாமாதான்.

"புள்ளைய பட்டினி போட்டு ஆராய்ச்சி பண்றீங்களா? ஒங்க வூட்டுப் புள்ளையா இருந்தா இப்பிடிப் பண்ணுவீங்களா?"

டாக்டரம்மா என் முன்னால் குனிந்து, "நீ சொல்லும்மா, வேற ஏதாவது சாப்ட்டியா?" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். "அப்பம் மட்டுந்தான்" என்றேன். டாக்டரம்மா நம்பினார். பாலில் பலன் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் மாத்திரை, ஊசி. இன்றைக்கும் ஊசிதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமா கேக்கோடு வந்து உட்கார்ந்து, "அந்த டாக்டருங்கதான் ஒன்ன கெடுத்துட்டாங்க" என்கிறார். மனதார நம்பித்தான் சொல்கிறார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருக்கிறது. ஆனால் பொய் எழுதிய கை என்னுடையது. கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பிவிடுகிறது.

மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த நோட்டின் மேல் என் பெயர் கிடையாது, ஒரு எண்தான். எனக்குப் பின்னால் இதே வலியோடு வருகிற பிள்ளைகளுக்குப் பாலே போதுமா, ஊசி போடலாமா என்று அதையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.