உடைந்து போவதற்கு இங்கிலீஷில் என்ன

விமான நிலையத்தில் பெட்டி வந்து சேராதவர்கள் போய் நிற்கும் கவுண்ட்டரில் அவர் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஐஸ். யார் வந்து எகிறினாலும், மேஜையைத் தட்டினாலும், "உங்க கஷ்டம் புரியுது, உட்காருங்க" என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டுவார்.

ஆறு வருஷத்துக்கு முன் புதிதாக வந்த மேலாளர் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தார். நிலைகுலைந்துபோகும் பயணி எப்படி நடந்துகொண்டார் என்று அதில் இங்கிலீஷில் எழுத வேண்டும். ஐஸுக்குத் தெரிந்தது 'ஆங்ரி' ஒன்றுதான். எல்லாருக்கும் அதையே எழுதினார்.

"உங்ககிட்ட வர்றவங்க எல்லாருக்கும் ஒரே வியாதியா?" என்று மேலாளர் கேட்டுவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் முறையிட்டார். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை.

"உடைஞ்சு போறதுக்கு மட்டும் இங்கிலீஷ்ல அம்பது வார்த்தை இருக்குப்பா. பயத்துல கையும் ஓடாம காலும் ஓடாம நின்னா ஃப்ரீக் அவுட். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு படக்குனு அறுந்தா ஸ்னாப். சின்னப் பிள்ளை மாதிரி தரையில உட்கார்ந்து அழுதா மெல்ட்டவுன். காட்டுக் கத்தலாக் கத்தினா ப்ளோ எ கேஸ்கட்."

"குக்கர்ல போடுற கேஸ்கட்டா?"

"அதேதான்."

"அப்ப உங்கம்மாவோட குக்கர் தினமும் காலையில இங்கிலீஷ் பேசுதுன்னு சொல்லு."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிப்பது கேட்டது.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பாடு, தூக்கம், குளிர் எல்லாம் பேசி முடித்ததும், "எழுதிக்கோங்கப்பா, கோயிங் டு பீசஸ். துண்டு துண்டாச் சிதறிப் போறது" என்பாள். பக்கத்துக் கவுண்ட்டர் பெண்மணியே எட்டிப் பார்த்து, "சார், இந்த ஆளுக்கு என்ன போடலாம்?" என்று அவரிடம் கேட்கும்படி ஆயிற்று.

போன வருஷம், அந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் மகளை அடித்துப் போட்டது. போன் வந்தபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டுவிட்டு, மறக்காமல் சுவிட்சை அணைத்தார். தாள் தாளாகக் கையெழுத்துப் போட்டதும், உடலை வாங்கியதும், துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் அவர்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மனுஷன் கல்லு என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். மூன்றாவது வாரம் அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நாலைந்து நாள் ஓடியது. அன்று காலை ஓர் இளைஞனின் பெட்டி வேறு விமானத்தில் ஏறிப் போய்விட்டிருந்தது.

"நாளைக்கு வந்துடும் சார்."

"நாளைக்கா? என் உயிரே அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. போச்சுன்னா என்ன வலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வழக்கமான பதில் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"பெட்டிதானே?" என்றார். "பெட்டிதானே போச்சு? பெட்டிதானே?"

நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது, முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் குரல் ஏறியது. ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வீசினார். கண்ணாடித் தடுப்பில் விரிசல் ஓடியது. வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். பக்கத்துக் கவுண்ட்டர் பெண்மணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார். அங்கேயும் அவர் உதடு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மேலாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

"பொண்ணு போய் இன்னும் ஒரு மாசம் ஆகலை சார், அதை எழுதுங்க" என்றார் அந்தப் பெண்மணி.

"அதுக்கு இதுல கட்டம் இல்லைம்மா" என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. அறிக்கையின் கீழே இரண்டு மாசம் விடுப்பு என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டை அடையும்போது உச்சிவெயில். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். குளியலறையில் குழாய் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழியும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அது தன் மனைவியின் குரல் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவைத் தட்டினார். குழாய் நின்றது. முகமெல்லாம் வீங்கி அவள் வெளியே வந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"தினமும்தான். நீங்க கிளம்பினதும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க நிமிர்ந்து நின்னுட்டிருந்தீங்க. நான் ஏன் உங்களையும் சாய்க்கணும்னு இருந்துட்டேன்."

அவர் காலையில் நடந்ததைச் சொன்னார்.

"யார் மேலயாவது பட்டுச்சா?"

"இல்லை."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அவள் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் ஆபீஸ் பேண்ட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது. வந்தது சாயங்காலம்வரை ஓயவில்லை.

விடுப்பு முடிந்து போனபோது, யாரும் தேடி வராத பெட்டிகளை அடுக்கிவைக்கும் கிடங்குக்கு அவரை மாற்றியிருந்தார்கள். அங்கே பயணிகள் வருவதில்லை. மத்தியானம் ஒரு மணிநேரம் வீட்டுக்குப் போய்வரலாம். அவர் தவறாமல் போகிறார். சில நாள் இரண்டு பேரும் மகளைப் பற்றிப் பேசுகிறார்கள். சில நாள் தட்டில் சோறு ஆறிப்போகும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.