அஞ்சு கால் மான்

ரிஃபானா பேனையால் கீறிய மான் படத்தை ஒரு கடைக்காரர் துணிப்பைகளில் அச்சடித்து விற்றார். மூலையில் இருந்த அவளுடைய பெயரை மட்டும் அழித்துவிட்டார். கைவேலை என்ற எங்கள் தொழிலில் வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், செய்த கைதான் தெரிவதில்லை. குறட்டால் கம்பி வளைத்து விரல் புண்ணான தோழிகளே, மை காயும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்த தோழர்களே, உங்களுக்கு இது புதினமாக இராது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

ரிஃபானா கிண்ணியாக்காரி, நான் திரியாய்க்காரி. ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறோம். அவள் கறுப்புப் பேனையால் டூடுல் படம் கீறுவாள். நான் சிப்பியிலும் மணியிலும் தோடு, மாலை செய்வேன். சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலைக் கடற்கரையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. அதுதான் எங்கள் கடை.

சோடி

ஒரு அக்கா வேலை முடிந்து, கையில் குடையோடு வந்தா. சிப்பித் தோடு ஒன்றைத் தூக்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், "ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே" என்றா. நான் விடுவேனா? கையால் செய்தது அப்படித்தான் இருக்கும், கடல் ஒரே மாதிரி இரண்டு சிப்பி தருவதில்லை, ஒரே மாதிரி வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தோடு வாங்கலாம் என்று நீளமாக வாதாடினேன். அக்கா பொறுமையாகக் கேட்டா. தோட்டை மெல்ல மேசையில் வைத்தா.

"நீர் சொல்றது எல்லாம் சரி தங்கச்சி. ஆனா என்ர காது ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு."

அழிறப்பர் இல்லாத தொழில்

டூடுலில் ஒரு சட்டம் உண்டு. பென்சில் கிடையாது, அழிப்பது கிடையாது. பேனை வழுக்கினால், வழுக்கிய கோட்டையே இழுத்துக்கொண்டு போய் எதையாவது ஆக்கவேண்டும். இலையோ, மீனோ, அது அவரவர் கெட்டித்தனம்.

ரிஃபானா அந்த மானைக் கீறியது பஸ்ஸில். கிண்ணியாப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது, மானின் வயிற்றிலிருந்து ஒரு கோடு கீழே ஓடிவிட்டது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாளாம். பிறகு அதற்கு ஒரு குளம்பு வைத்தாள். மானுக்கு ஐந்து கால். உடம்பு முழுக்க அலையும் வள்ளமும் வலையுமாக நெளிந்து கிடந்ததில், எண்ணிப் பார்க்காதவருக்கு அது தெரியாது.

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்தான் முதலில் எண்ணினார். விரலை வைத்து இரண்டு தரம் எண்ணினார். ரிஃபானா பஸ் கதையைச் சொன்னாள். திருகோணமலையில் மான்கள் கடற்கரையிலும் தெருவிலும் ஆடுமாடு போலத் திரியும். அவர் திரும்பி, கடற்கரையில் சாப்பாட்டுப் பார்சல் வைத்திருந்த ஒரு குடும்பத்தைச் சுற்றி நின்ற மான்களைப் பார்த்தார்.

"அஞ்சு கால் இருந்தா என்ன மகள், எங்கட மானுக்குப் பார்சலுக்குப் பின்னால ஓட அதுவும் காணாது."

நான் செய்த பிழை

ரிஃபானாவின் வாப்பா அவளுடைய படங்களைக் 'கிறுக்கல்' என்றுதான் சொல்வார். கோபமாக அல்ல, சாதாரணமாக. அதுதான் அவளுக்கு நோவு. எங்கேயாவது தன் பெயரோடு ஒரு படம் அச்சில் வந்தால், அதைக் கொண்டுபோய் வாப்பாவின் மடியில் வைக்கவேண்டும் என்று அடிக்கடி சொல்லுவாள்.

அவள் அஸர் தொழப் போயிருந்த நேரத்தில் அந்தக் கடைக்காரர் வந்தார். உல்லாசப் பயணிகளுக்குச் சாமான் விற்கிறவர். மான் படத்தைப் பார்த்து, "இதெல்லோ கலை" என்றார். இரண்டு நாள் தந்தால் கடையில் காட்டிவிட்டுத் தருவதாகச் சொன்னார். தோட்டுக்காக உலகத்தோடு வாதாடுகிற நான், ஒரு புகழ்ச்சிக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாலு நாளில் படம் கசங்காமல் திரும்பி வந்தது. ஆனால் கொடுத்த அன்று, தொழுதுவிட்டு வந்து மான் இல்லாத மேசையைப் பார்த்தவள் என்னை ஏசவில்லை.

"என்னட்டக் கேட்டுப்போட்டுக் குடுத்திருக்கலாமே புள்ள."

விரிவுரை மண்டபத்தில்

ஒரு மாதத்துக்குப் பிறகு, வகுப்புப் பிள்ளை ஒருத்தி புதுத் துணிப்பையோடு வந்தாள். பையில் மான். ஐந்து கால். மூலையில் அலைகளுக்கிடையில் ரிஃபானா பெயர் வைத்திருந்த இடம் துடைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. கீழே, 'எங்கள் சொந்த வடிவமைப்பு'. ரிஃபானா அந்த வெள்ளையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். வாங்கியவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"வடிவான மான் என்ன? ஆனா கீறினவனுக்கு எண்ணத் தெரியாது போல."

கடையில்

அடுத்த நாளே போனோம். நான்தான் பேசினேன். பதிப்புரிமை என்றேன், முகநூலில் போடுவேன் என்றேன், வெட்கமில்லையா என்றேன். அவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் இரண்டு கதிரையை இழுத்துப் போட்டார்.

"மான் ஊருக்கே பொது, தங்கச்சி. ஆரும் கீறலாம். இது எங்கட டிசைனர் கொம்பியூட்டர்ல கீறினது."

ரிஃபானா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு பையை எடுத்து அவர் முன் விரித்தாள். "அண்ணன், இது என்ன?"

அவர் குனிந்தார். எண்ணினார். ஒரு மாதமாக விற்றவர் அன்றுதான் எண்ணினார். "அது... வாலாக்கும்."

"வால் இஞ்ச இருக்கு."

"அப்ப நிழல்."

"நிழலுக்குக் குளம்பு இருக்குமா அண்ணன்?" பிறகு பாலத்தையும், பஸ் குலுங்கியதையும், கோடு தொடங்கின இடத்தையும் சொன்னாள். பைக்குள்ளிருந்து மூலப்படத்தை எடுத்து அருகில் வைத்தாள். கோடு நடுங்கிய இடம் இரண்டிலும் ஒன்றாக இருந்தது.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "சரி, அடுத்த அச்சில உங்கட பேரைப் போடுறன். ஆனா அந்தக் காலை எடுத்துப்போட்டுக் கீறித் தாங்க, சனம் சிரிக்கும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். ரிஃபானா என் கையை அமத்தினாள்.

இப்போது வருகிற பைகளில் அவள் பெயர் இருக்கிறது, மானுக்கு ஐந்து காலும் இருக்கின்றன, வாப்பா அந்தப் பையோடுதான் மீன் வாங்கப் போகிறார். இவ்வளவு வாதாடியும் என்னால் ஒரு எழுத்தைக்கூட அச்சில் ஏற்ற ஏலாமல் போன இடத்தில், அவளுக்கு இந்த ஒரு பதில் போதுமாக இருந்தது:

"பேரை ஒருக்கா எடுத்திட்டீங்க, அண்ணன். அஞ்சாவது காலையும் எடுத்தா, நாளைக்கு இது என்ட மான் எண்டு நான் எதை வச்சுச் சொல்றது?"